பல் மருத்துவமனை வேலைக்குப் பிள்ளையை அனுப்புமுன்



பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் நெல்பேட்டையிலும் காஜிமார் தெருவிலும் மேலூர்ப் பக்கத்து ஊர்களிலும் ஒரு கேள்வி எழுகிறது: மேலே படிக்கவைக்க வசதியில்லாத பெண் பிள்ளையைப் பல் மருத்துவ உதவியாளராக அனுப்பலாமா? அனுப்பலாம் என்பதே நம் கருத்து. ஆனால் சிலவற்றைக் கேட்டறிந்த பின் அனுப்ப வேண்டும்.

இது இழிந்த பணியன்று. மிஸ்வாக்கை நபி (ஸல்) அவர்கள் எத்துணை வலியுறுத்தினார்கள் என்பதை நாம் அறிவோம். குர்துபாவின் அஸ்ஸஹ்ராவீ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பற்காறை சுரண்டும் கருவிகளைப் படம் வரைந்து விளக்கினார்.

எனினும் நம் நாட்டின் நிலையை உணர வேண்டும். 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் பல் மருத்துவர், பல் சுகாதாரப் பணியாளர், பல் கட்டும் தொழில்நுட்பர் ஆகிய மூவருக்கே பதிவேடு வகுத்தது. உதவியாளருக்கு அதில் இடம் இருக்கவில்லை. ஆதலால் பல இடங்களில் மருத்துவர் கற்றுக்கொடுப்பதே படிப்பு. அவர் தருவதே ஊதியம். அறிவியல் பாடம் பயின்ற பிள்ளையாயின், இரண்டாண்டுப் பல் சுகாதாரப் பணியாளர் படிப்பையும் எண்ணிப் பாருங்கள்.

அடுத்து, யார், எத்தனை நாள் பயிற்சி தருவார் என்று கேளுங்கள். ஆட்டோகிளேவில் 121 பாகை வெப்பத்தில் குறைந்தது 15 நிமிடம் இருக்க வேண்டிய கருவியைப் பத்தாம் நிமிடத்தில் எடுத்தால் நோயாளிக்குத் தெரியாது, அல்லாஹ் அறிவான். அந்தக் கருவி அவள் கையில் ஓர் அமானிதம். கற்றுக்கொடுக்காமல் அதை ஒப்படைப்பது அவளுக்கும் நோயாளிக்கும் அநீதி.

ஊசி குத்தினால் ஹெபடைடிஸ் பி தொற்றக்கூடும். அதற்கான மூன்று தவணைத் தடுப்பூசி முடிய ஆறு மாதம் ஆகும். அச்செலவை யார் ஏற்பார் என்பதையும் முன்னரே பேசிவிடுங்கள்.

அந்நிய ஆணுடன் தனித்திருக்க நேருமே என்னும் அச்சம் நியாயமானது. ஆண் மருத்துவரிடம் வரும் நம் பெண்களுக்கு, அறையில் உதவியாளராக ஒரு பெண் இருப்பதே பாதுகாப்பு. ஆனால் நோயாளிகள் சென்றபின் அந்த உதவியாளருக்கு யார் துணை? வேறொரு பெண் ஊழியர் உள்ள இடமாகவும், இருட்டுமுன் வீடு திரும்ப இயலும் நேரமாகவும் பார்த்துச் சேருங்கள்.

இவற்றைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். நல்ல மருத்துவர் இக்கேள்விகளை வரவேற்பார். சினம் கொள்பவரிடம் பிள்ளையை அனுப்பாதிருப்பதே நலம்.

நம் பிள்ளைகளுக்கு ஹலாலான, கண்ணியமான வாழ்வாதாரத்தை அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.