எகனாமிக்ஸ் படிச்சு என்ன பண்றது?

பிளஸ் 2 ரிசல்ட் வந்ததும் நம் வீடுகளில் ஒரு வரிசை போடுவார்கள். நல்ல மார்க் என்றால் டாக்டர், இன்ஜினியர். கொஞ்சம் குறைந்தால் நர்சிங், கம்ப்யூட்டர். அதற்கும் கீழே பி.காம்., அதிலும் இடம் கிடைக்காவிட்டால், 'சரி, ஏதோ ஒரு டிகிரி இருக்கட்டும்' என்று பி.ஏ., பொருளாதாரம். அந்தப் பெண்ணும் மூன்று வருடம் தலையைக் குனிந்தபடியே கல்லூரிக்குப் போய் வருவாள். விசேஷ வீட்டில் யாராவது, 'என்ன படிக்கிறே?' என்று கேட்டால் வாயிலிருந்து சத்தமே வராது.

இந்த வரிசையைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன், சகோதரிகளே!

நான் பத்தாவது வரைதான் படித்தவள். 18 வயதில் கல்யாணம், இப்போது 38. என் மூத்த மகள் அரசு கலைக் கல்லூரியில் பொருளாதாரம் இரண்டாம் வருடம் படிக்கிறாள். விரும்பித்தான் சேர்ந்தாள். சேர்ந்த நாளிலிருந்து வீட்டில் ஒரே கேலி. 'எகனாமிக்ஸ் படிச்சு என்ன அம்மிணி பண்ணப் போறே? சந்தையில உக்காந்து வெங்காய விலையா எழுதப் போறே?' என்பார் என் மாமனார். அத்தையோ, 'இதுக்கு ரெண்டு வருஷம் தையல் கத்துக்கிட்டிருந்தாலும் கையில காசு வந்திருக்கும்' என்பார். அவர்களுக்குப் பதில் சொல்வதற்காகவே மகளின் பேராசிரியை, பேங்க்கில் வேலை செய்யும் பக்கத்துத் தெருப் பெண் என்று பார்ப்பவர்களை எல்லாம் விடாமல் கேட்டேன். கேட்டதில் நல்லதும் இருக்கிறது, கசப்பும் இருக்கிறது. இரண்டையும் சொல்லி விடுகிறேன்.

முதலில், எந்த டிகிரி முடித்தாலும் எழுதலாம் என்கிற பரீட்சைகள். பேங்க் கிளார்க், பேங்க் ஆபீசர், டி.என்.பி.எஸ்.சி., குரூப் 1, குரூப் 2 எல்லாம் இந்த வகை. இதற்குப் பொருளாதாரமே படித்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால், டி.என்.பி.எஸ்.சி., பாடத்திட்டத்தில் இந்தியப் பொருளாதாரம் ஒரு பகுதி. பேங்க் மெயின் பரீட்சையிலும் ரிசர்வ் வங்கி, வட்டி விகிதம், பட்ஜெட் என்று கேட்பார்கள். மற்ற பெண்கள் புதிதாக மனப்பாடம் செய்வதை, நம் பெண் வகுப்பிலேயே படித்து முடித்திருப்பாள். அந்த அளவுக்கு லாபம். அதற்காக, பாடப்புத்தகம் மட்டும் போதும் என்று இருந்துவிட முடியாது. கணக்குக்கும் இங்கிலீஷுக்கும் தனியாக உட்கார வேண்டும்.

இப்போது கசப்பு. நம்மில் பாதிப் பேருக்கு மனதில் இருப்பது டீச்சர் வேலைதான். 'பி.ஏ., முடிச்சதும் ஒரு பி.எட்., போட்டுட்டா போச்சு' என்று சுலபமாகச் சொல்லி விடுகிறோம். தமிழ், இங்கிலீஷ், வரலாறு படித்த பெண்ணுக்கு அது சரி. பொருளாதாரம் படித்த பெண்ணுக்கு அப்படி இல்லை. நம் மாநிலத்தில் பொருளாதாரப் பாடத்தில் பி.எட்., சேர எம்.ஏ., முடித்திருக்க வேண்டும். காரணம், பள்ளிக்கூடத்தில் பொருளாதாரம் தனிப் பாடமாக வருவதே பிளஸ் 1, பிளஸ் 2 வகுப்புகளில்தான். அந்த வகுப்புகளுக்கு முதுகலை ஆசிரியர்கள்தான் பாடம் எடுப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பி.ஏ., 3 வருடம், எம்.ஏ., 2 வருடம். பி.எட்., படிப்போ 2015-லேயே 2 வருடமாகி விட்டது. ஆக மொத்தம் 7. அதற்குப் பிறகுதான் அரசுப் பள்ளிக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் பரீட்சை.

21 வயதானதும் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் வீடுகளில் இந்த 7 வருடத்தை யார் தருவார்கள்? எங்கள் உறவில் ஒரு பெண். பி.ஏ., பொருளாதாரம் முடித்து, 'டீச்சர் ஆகப் போறேன்' என்று பி.எட்., விண்ணப்பம் வாங்கப் போனபோதுதான் எம்.ஏ., வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அவள் எம்.ஏ., கேட்டாள், வீட்டில் மாப்பிள்ளை பார்த்தார்கள். இன்று ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். அந்த வேலையை நான் குறைவாகச் சொல்லவில்லை. கல்லூரியில் சேரும் நாளிலேயே இந்த விவரத்தை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தால், அவள் வரலாறு எடுத்திருப்பாள், இல்லை, முதல் வருடத்திலிருந்தே எம்.ஏ.,வுக்கு வீட்டைத் தயார் செய்திருப்பாள். பீஸ் கட்டும் ரசீதைக் கொடுப்பவர்கள் இதையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன?

பொருளாதாரம் படித்தவர்களுக்கென்றே உள்ள வேலைகளிலும் இதே கதைதான். ஐ.ஏ.எஸ்., மாதிரியே 'இந்தியப் பொருளாதாரப் பணி' என்று ஒன்று 1961-லிருந்து இருக்கிறதாம். மத்திய தேர்வாணையம்தான் பரீட்சை வைக்கிறது. 21 முதல் 30 வயது வரை எழுதலாம். ஆனால், எம்.ஏ., பொருளாதாரம் கட்டாயம். இடமும் கொஞ்சம்தான், சில வருடங்களில் இருபதுகூட இருப்பதில்லை. ரிசர்வ் வங்கியிலும் பொருளாதார ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தனியாக ஆபீசர்களை எடுக்கிறார்கள். அதற்கும் எம்.ஏ., வேண்டும். கல்லூரிப் பேராசிரியை ஆக வேண்டுமென்றால் எம்.ஏ.,வில் 55 சதவீதத்தோடு நெட் அல்லது செட் பாஸ் செய்தாக வேண்டும். எங்கே சுற்றினாலும் எம்.ஏ.,வில்தான் வந்து நிற்கிறது. ஆகவே, இந்தப் பாடத்தை எடுக்கும் பெண்ணை 3 வருடத்தோடு நிறுத்துவது, சோற்றை வடிக்காமல் அடுப்பை அணைப்பது மாதிரிதான்.

இன்னொரு விஷயம் கணக்கு. பொருளாதாரத்துக்குக் கணக்கு வேண்டாம் என்றுதான் பல பெண்கள் இதில் சேருகிறார்கள். பி.ஏ.,வுக்கு வேண்டாம், வாஸ்தவம்தான். மேலே போகப் போக அதுதான் கழுத்தைப் பிடிக்கிறது. மத்திய அரசின் எஸ்.எஸ்.சி., பரீட்சையில் ஜூனியர் புள்ளியியல் அதிகாரி என்று ஒரு வேலை உண்டு. அதற்கு பிளஸ் 2 கணக்கில் 60 சதவீதம் வேண்டும், அல்லது டிகிரியில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும். மகளின் பேராசிரியை, 'புள்ளியியல் பேப்பரை மட்டும் கடமைக்குப் படிக்காதீங்க, அதுலதான் சோறு இருக்கு' என்று வகுப்பில் அடிக்கடி சொல்வாராம். தனியார் கம்பெனிகளில் பொருளாதாரம் படித்தவர்களை எடுப்பதும் பெரும்பாலும் கணக்கு விவரங்களைக் கம்ப்யூட்டரில் அலசிச் சொல்வதற்குத்தான். குறைந்தபட்சம் எக்செல் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. கல்லூரி லேபில் எத்தனை மணி வரை உட்கார விடுவார்கள் என்று விசாரித்து, அதற்குத் தகுந்த பஸ்ஸை மாற்றிக்கொண்டாள் என் மகள்.

புள்ளியியல் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. மத்திய அரசு வீடு வீடாகப் போய், யார் எதற்கு எவ்வளவு நேரம் செலவழிக்கிறார்கள் என்று கணக்கெடுத்திருக்கிறது. 2024 கணக்கின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளைக்கு 289 நிமிடம் செலவழிக்கிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். மகள் இதை வாசித்துக் காட்டியபோது, என் வீட்டுக்காரர் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்! பெண்களின் உழைப்பும் சம்பளமும் 200 வருடங்களில் எப்படி மாறின என்று ஆராய்ந்த அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியை கிளாடியா கோல்டினுக்கு 2023-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். நம் அடுப்படி வேலையை எண்ணிப் பார்க்கும் படிப்பை, நாமே 'ஏதோ ஒரு டிகிரி' என்று ஒதுக்கலாமா?

அவ்வளவு தூரம் ஏன்? மதுரையில் பிறந்து, திருச்சி சீதாலட்சுமி ராமசாமி கல்லூரியில் பி.ஏ., பொருளாதாரம் படித்தவர்தான் 2019-ல் நாட்டின் நிதியமைச்சரான நிர்மலா சீதாராமன். அரசியலில் யாருக்கு எந்தக் கட்சி பிடிக்கும் என்பது வேறு. அவரும் பி.ஏ.,வோடு நிற்காமல், டில்லிக்குப் போய் எம்.ஏ., படித்தார் என்பதைத்தான் நான் என் மாமனாருக்குச் சொன்னேன். அதன்பிறகு வெங்காயக் கேலி கொஞ்சம் குறைந்திருக்கிறது.

எம்.ஏ., என்றதும் செலவை நினைத்துப் பயம் வரும். சென்னையில் 1993-ல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆப் எகனாமிக்ஸ் மாதிரி இடங்களில் பீஸ் அதிகம்தான். அரசுக் கல்லூரிகளிலேயே எம்.ஏ., பொருளாதாரம் இருக்கிறது. அங்கே பீஸ் நமக்குக் கட்டுப்படியாகும். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-ல் வந்தது. என் மகளின் புத்தகச் செலவையும் பஸ் செலவையும் அந்தப் பணம்தான் பார்த்துக்கொண்டது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் எம்.ஏ., சேர வேண்டுமானால் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். 2025-ல் அதற்கு விண்ணப்பம் ஜனவரியில் தொடங்கி, பரீட்சை மார்ச் மாதமே வந்துவிட்டது. பி.ஏ., கடைசிப் பரீட்சை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருந்தவர்கள் கோட்டை விட்டார்கள். மூன்றாம் வருடப் பெண்களை வைத்திருக்கும் அம்மாக்கள் பொங்கல் வேலையோடு வேலையாக, இதையும் விசாரித்து விடுங்கள்.

எங்கள் வீட்டில் எம்.ஏ., வரை படிக்க வைப்பது என்று என் வீட்டுக்காரரும் நானும் பேசி முடித்து விட்டோம். அத்தைக்கு இன்னும் சம்மதம் இல்லை. 'படிச்ச பொண்ணுக்கு அதைவிடப் படிச்ச மாப்பிள்ளையில்ல தேடணும், நகை யார் போடறது?' என்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பொருளாதாரம் படித்து வேலையில் இருக்கும் சகோதரிகள் யாராவது இந்தப் பக்கத்தைப் படித்தால், நீங்கள் எந்தப் பரீட்சை எழுதினீர்கள், எத்தனை தடவை எழுதினீர்கள், கல்யாணத்துக்கு முன்பா பின்பா என்று ஒரு கடிதம் போடுங்களேன். அத்தைக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

- ஒரு வாசகி, பவானி.