அந்நியப் புழு என்றொரு பூச்சாண்டி

இயற்கை விவசாயப் பயிற்சி முகாம் என்றால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அந்தப் பேச்சு வந்தே தீரும். பேச்சாளர் மைக்கை வாயருகே கொண்டுபோய்க் குரலைத் தாழ்த்துவார். உங்கள் தொட்டியில் நெளிவது மண்புழுவே இல்லை. வெளிநாட்டுக்காரன் இறக்கிவிட்ட வேறொரு ஜந்து. மண்ணைத் தின்னாது, உழாது. ஈயத்தையும் காட்மியத்தையும் சேர்த்து வைத்து உங்கள் கத்தரிக்காய்க்குள் ஏற்றிவிடும். முன்வரிசையில் யாராவது "அடக் கடவுளே" என்பார்கள். பொழுது சாய்வதற்குள் செய்தி குடும்ப வாட்ஸ்அப் குழுக்களுக்கு வந்து சேரும். மொட்டைமாடியில் இரண்டு டப்பில் புழு வளர்த்து, அந்த எச்சத்தைப் போட்டு வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை, டப்பை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று கவலைப்பட ஆரம்பிப்பார்.

இந்தப் பேச்சின் ஊற்று சுபாஷ் பாலேக்கர். ஜீரோ பட்ஜெட் விவசாயத்தை நாடெங்கும் கொண்டுபோனவர், 2016இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். ஐசீனியா ஃபெட்டிடா என்ற உரப்புழு மண்புழுவே அல்ல, நச்சு உலோகங்களைச் சேர்க்கும் நாசகார உயிர் என்பது அவருடைய கட்சி. தமிழில் அதை எடுத்துச் சொல்கிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் காரம் சேர்த்துக்கொண்டார்கள். சேர்த்த காரத்தில் ஒன்றுகூட ஆண்டுக்கணக்காகக் குறையவில்லை.

மண்புழுவே இல்லை என்ற முதல் குற்றச்சாட்டுக்கு ஒரு பத்தியே தாராளம். விலங்கியலில் ஐசீனியாவின் குடும்பம் லும்பிரிசிடே. சார்லஸ் டார்வின் பல்லாண்டு உட்கார்ந்து கவனித்து, சாவதற்கு முந்தைய ஆண்டு, 1881இல், மண்புழுக்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினாரே, அந்த இங்கிலாந்துப் புல்வெளிப் புழுக்களும் அதே குடும்பம்தான். உடலெங்கும் வளையங்கள், நகர்வதற்கு நுண்ணிய முட்கள், முதிர்ந்ததும் கழுத்துப்பக்கம் தடிக்கும் கிளைடெல்லம் பட்டை, அதிலிருந்து கழன்று விழும் முட்டைக்கூடு என்று ஒரு மண்புழுவுக்கு என்னென்ன வேண்டுமோ எல்லாம் அதற்கு இருக்கிறது. விலங்கியல் படிக்கும் ஒரு பதினோராம் வகுப்பு மாணவனைக் கேட்டாலே சொல்லிவிடுவான்.

அதைவிட வேடிக்கை, வழக்குப் போட்ட புழு ஒன்று, தொட்டியில் இருக்கிற புழு இன்னொன்று. ஐசீனியா மிதமான குளிரை விரும்பும். 15 முதல் 25 டிகிரி வரை அதற்குச் சுகம், 35ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. சித்திரை வெயிலில் திருச்சியிலும் வேலூரிலும் அதைக் காப்பாற்றுவது பெரும்பாடு. அதனால் தமிழ்நாட்டுச் சமவெளியில் பெரும்பாலும் வளர்ப்பது யூட்ரிலஸ் யூஜினியே, பேச்சுவழக்கில் ஆப்பிரிக்கப் புழு. கோவை வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பதும் இதைத்தான். இரண்டையும் அடையாளம் காண நுண்ணோக்கி வேண்டாம். ஐசீனியா விரல் நீளம் இருக்கும், செம்பழுப்பு உடலில் மஞ்சள் வரிகள் ஓடும். யூட்ரிலஸ் ஒரு சாண் வரை வளரும், வெளிச்சத்தில் பிடித்தால் முதுகில் ஊதா மினுக்கம் தெரியும். குடும்பமும் வேறு. மேடையில் திட்டு வாங்குவது வரிப்புழு, டப்போடு குப்பைக்குப் போவது ஊதாப்புழு. இந்த வித்தியாசத்தை ஒரு பேச்சாளராவது நின்று விளக்கினால் கூட்டத்துக்கே நல்லது.

அடுத்தது, உழாது என்ற புகார். உண்மைதான், உழாது. உழும் என்று சொன்னது யார்? பிரெஞ்சு அறிஞர் மார்செல் பூஷே 1970களில் மண்புழுக்களை வாழிடத்தை வைத்து மூன்று வகையாகப் பிரித்தார். மேற்பரப்பில் கிடக்கும் சருகிலும் சாணத்திலும் வாழ்பவை ஒரு வகை. மண்ணுக்குள்ளேயே பக்கவாட்டில் துளைத்துக்கொண்டு மண்ணைத் தின்பவை இன்னொரு வகை. செங்குத்தாக வளை தோண்டி, மேலே வந்து இலையை இழுத்துக்கொண்டு இறங்குபவை மூன்றாவது வகை. தொட்டிப் புழுக்கள் முதல் வகை. அவற்றின் தொழில் குப்பையை எருவாக்குவது. நல்ல ஈரமும் நிழலும் இருந்தால் ஐசீனியா நாளொன்றுக்குத் தன் எடையில் பாதியளவு தின்றுவிடும். தையல்காரரிடம் போய் உமக்கு மரம் ஏறத் தெரியவில்லையே என்று சண்டை போடுகிற மாதிரி இருக்கிறது இந்தக் குற்றச்சாட்டு.

ஒரு டப்பைத் திறந்து பார்த்தாலே விஷயம் புரியும். மேலே மூடியிருக்கும் ஈரச்சாக்கைத் தூக்கினால் புழுக்கள் வெளிச்சம் பட்ட மறுநொடி உள்ளே நழுவும். அடியில் தென்னை நார்க்கழிவு, அதற்கு மேல் இரண்டு மூன்று வாரம் ஆறிய சாணம், அதன்மேல் கீரைத்தண்டு, வாழைப்பழத்தோல், காய்ந்த இலை. பச்சைச் சாணத்தை அப்படியே கொட்டினால் சூடேறிப் புழு வெந்துவிடும். எலுமிச்சைத்தோல், ஊறுகாய், எண்ணெய்ப் பண்டம், மீந்த சாம்பார் எதுவும் ஆகாது. தண்ணீர் தெளிப்பதை நாலைந்து நாள் நிறுத்தி, மேலே தெரியும் கருநிறக் குருணையைச் சிறு சிறு கும்பலாகக் குவித்து வெளிச்சத்தில் விட்டால் புழுக்கள் அடிக்கு இறங்கிவிடும். மேலாக அள்ளிச் சல்லடையில் சலிக்க வேண்டியதுதான். கையில் சாண வாடை இருக்காது, முதல் மழை நனைத்த மண் வாசம்தான் வரும். எறும்பு, எலி, கோழி மூன்றும் வராமல் பார்த்துக்கொண்டால் வேறு வித்தை ஒன்றுமில்லை. இந்த வேலையில் கலப்பை எங்கே வருகிறது?

வெளிநாட்டுப் புழு என்பது அடுத்த அஸ்திரம். சதித்திட்டம் என்றுகூடச் சிலர் சொல்கிறார்கள். வீட்டுக்குள் பெட்டியில் புழு வளர்ப்பதை அமெரிக்காவில் பிரபலமாக்கியவர் மிச்சிகன் மாநிலத்து உயிரியல் ஆசிரியை மேரி ஆப்பெல்ஹாஃப். அங்கே பனிக்காலத்தில் தோட்டத்துக் குப்பைக்குழி உறைந்துவிடும் என்பதால் வீட்டிலேயே பெட்டி வைத்தார். 1982இல் புத்தகம் போட்டார். சமையலறைக் கழிவை என்ன செய்வது என்று தவித்த அந்த அம்மாளின் மண்டைக்குள் இந்திய விவசாயத்தை ஒழிக்கும் திட்டம் இருந்ததாக நம்புகிறவர்கள் நம்பலாம். முகாமில் பேச்சு முடிந்ததும் இலையில் தக்காளி ரசமும், உருளைக்கிழங்குப் பொரியலும், வரமிளகாய் தாளித்த சட்னியும் விழும். மூன்றும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து கப்பலேறி வந்தவை. யாரும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோனதாகத் தெரியவில்லை. அதுவும் கிடக்கட்டும். பொன்டோஸ்கோலெக்ஸ் கோரெத்ரூரஸ் என்று ஒரு புழு, தென் அமெரிக்காவில் பிறந்தது, செடித்தொட்டி மண்ணோடும் நாற்றோடும் பயணம் செய்து வெப்பநாடுகள் முழுக்கப் பரவிவிட்டது. தென்னிந்தியத் தோட்டங்களிலும் தாராளமாக இருக்கிறது. அது மண்ணுக்குள் வாழும் வகை, அதாவது வயலிலேயே குடியேறியிருப்பது. அதைப் பற்றி மேடையில் ஒரு சொல் கிடையாது. மூடி போட்ட டப்புக்குள் இருப்பதுதான் அந்நியன்!

இதிலே ஒரு தர்க்கக் கோளாறும் இருக்கிறது. தொட்டிப் புழு நம் வயல் மண்ணில் பிழைக்காது, இரண்டு நாளில் செத்துவிடும் என்பார்கள். அடுத்த வாக்கியத்திலேயே, அது வயலுக்குள் போனால் நாட்டுப் புழுக்களை ஒழித்துக்கட்டும் என்பார்கள். செத்த புழு எப்படி ஒழித்துக்கட்டும்? வட அமெரிக்கக் காடுகளில் வந்தேறிப் புழுக்கள் சருகுப் படுகையைத் தின்று தீர்த்த கதையைச் சிலர் எடுத்துப்போடுவதுண்டு. பனியுகம் அந்தப் பகுதியில் புழு இனத்தையே துடைத்திருந்தது, நம் காடு அப்படிப்பட்டதல்ல.

பேச்சின் உச்சம் உலோகம்தான். காட்மியம், ஈயம், ஆர்செனிக் என்று பெயர்கள் வரிசையாக விழும்போது அரங்கம் அமைதியாகும். இந்தப் பெயர்களுக்கு ஒரு பொது குணம் உண்டு. இவை தனிமங்கள். எந்தப் புழுவின் வயிற்றிலும், எந்தப் பசுவின் வயிற்றிலும் தனிமம் பிறப்பதில்லை. டப்பில் ஈயம் இருந்தால் டப்புக்குள் போட்ட பொருளில் ஈயம் இருந்தது என்று அர்த்தம். வீட்டில் நறுக்கிய புடலங்காய்த் தோலில் அது இல்லையென்றால் எச்சத்திலும் இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஆலைக் கசடை அள்ளிவந்து தொட்டியில் போட்டால் குரோமியம் கிடைக்கத்தான் செய்யும். அதே கசடைப் புழுவே இல்லாமல் குழியில் மக்கவைத்தாலும் கிடைக்கும், நேராக வயலில் கொட்டினாலும் கிடைக்கும். பாலாற்றங்கரையில் கிணறுகள் கெட்டது எந்தப் புழுவால்?

அப்படியானால் ஐசீனியாவையும் நச்சு உலோகத்தையும் சேர்த்துப் பேசும் ஆய்வுக் கட்டுரைகள் இத்தனை இருக்கின்றனவே என்று கேட்பார்கள். இருக்கின்றன, குவியல் குவியலாக. காரணத்தைத்தான் மேடையில் சொல்வதில்லை. ஒரு ரசாயனம் மண்ணுயிரை எவ்வளவு பாதிக்கும் என்று சோதிக்க, வளர்ந்த நாடுகளின் ஓஇசிடி அமைப்பு 1984இல் ஒரு பொது வழிமுறையை வகுத்தது. அந்தச் சோதனைக்கென்று தேர்ந்தெடுத்த உயிர் ஐசீனியா. ஆய்வகத்தில் எளிதாக வளரும், வேகமாகப் பெருகும் என்பதால் அதற்கு இந்தப் பதவி. அதற்குப் பிறகு உலகமெங்கும் பூச்சிக்கொல்லி கலந்த மண்ணிலும், காட்மியம் கலந்த மண்ணிலும், ஈயம் கலந்த மண்ணிலும் வேண்டுமென்றே அதை விட்டு, எத்தனை செத்தது, உடலில் எவ்வளவு ஏறியது என்று அளந்துகொண்டிருக்கிறார்கள். விஷம் வைத்தது ஆராய்ச்சியாளர், தின்றது புழு. அந்தக் கட்டுரைகளைத் தூக்கிக் காட்டி, பார்த்தீர்களா, புழு விஷம் சேர்க்கிறது என்பது, விஷம் குடித்தவனையே விஷம் வைத்தவன் என்று பிடித்துக் கொடுப்பதுதான்.

உடலில் சேர்க்கிறது என்பதைக்கூடச் சரியாகப் படித்தால் கதை திரும்பிவிடும். புழுவின் குடலைச் சுற்றி ஒரு மஞ்சள் திசு இருக்கிறது. உள்ளே வரும் காட்மியத்தை அங்கே மெட்டலோதயோனின் என்ற புரதத்தோடு கட்டிவைக்கிறது. அதாவது ஒரு பங்கை உரத்திலிருந்து எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. உரத்தைச் சலித்து எடுக்கும்போது புழு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. இதில் கத்தரிக்காய்க்குப் போகும் கூடுதல் விஷம் எது? குப்பை மக்கும்போது எடை குறைவதால், இருக்கும் உலோகத்தின் அடர்த்தி ஏறும் என்பது நிஜம். அது தொழுவுரத்துக்கும் பொருந்தும், கம்போஸ்ட் குழிக்கும் பொருந்தும். சுவரொட்டியையும் பாலித்தீனையும் மென்று நிற்கும் நகரத்து மாட்டின் சாணத்துக்கு இன்னும் நன்றாகவே பொருந்தும், அது நாட்டு மாடாகவே இருந்தாலும். அளந்து பார்ப்பதற்கும் வழியில்லாமல் இல்லை. உரக் கட்டுப்பாட்டு ஆணையில் மண்புழு உரத்துக்கு 2006இலிருந்தே வரம்பு இருக்கிறது. ஒரு கிலோவில் காட்மியம் 5 மில்லிகிராம், குரோமியம் 50, நிக்கல் 50, ஈயம் 100 தாண்டக்கூடாது. மூட்டையில் சந்தேகம் வந்தால் ஒரு பிடி அள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பலாம். மேடையில் பயமுறுத்துகிறவர்கள் ஒருமுறையாவது அனுப்பி, முடிவைத் தாளோடு காட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

சந்தையில் சர்க்கரை ஆலைக் கசடையும் கரிமண்ணையும் கலந்து மண்புழு உரம் என்று விற்கிறவர்கள் உண்டு. அது வியாபாரியின் திருட்டு, புழுவின் பாவமல்ல.

28 டிகிரி தாண்டினால் உரத்திலிருக்கும் கரிமச்சத்தெல்லாம் காற்றில் போய்விடும் என்று ஒரு புள்ளிவிவரமும் நடுவே வந்துபோகும். மக்குகிற எதிலிருந்தும் கரியமில வாயு போகும். பத்து கிலோ சாணம், பத்து லிட்டர் கோமியம், இரண்டு கிலோ வெல்லம், இரண்டு கிலோ பயறு மாவு கலந்து அவர்களே தயாரிக்கச் சொல்லும் ஜீவாமிர்தப் பீப்பாயில் நுரை பொங்குகிறதே, அது என்ன?

இதற்கெல்லாம் மாற்றாக அவர்கள் சொல்வது, ஜீவாமிர்தம் ஊற்றினால் போதும், பதினைந்தடி ஆழத்தில் உறங்கும் நாட்டு மண்புழுக்கள் வாசனை பிடித்து மேலே ஏறிவரும் என்பது. வறண்ட காலத்தில் புழுக்கள் ஆழம் போய்ச் சுருண்டு கிடக்கும் என்பது சரி. பதினைந்தடி? பல்லடம் பக்கம் நாலடி தோண்டுவதற்குள் சுக்கான்பாறை கடப்பாரையைத் திருப்பி அடிக்கும் காடுகள் எத்தனையோ. நம் வயல்களில் பரவலாக இருக்கும் லாம்பிட்டோ மௌரிட்டி மேல்மண்ணை ஒட்டிக் குடித்தனம் நடத்தும் புழு. சரி, வயலுக்கு இது பொருந்துகிறது என்றே வைத்துக்கொள்வோம். இந்த அறிவுரையைக் கேட்டுத் தலையாட்டுகிறவர்களில் பாதிப்பேர் மாடித்தோட்டக்காரர்கள். அவர்களிடம் இருப்பது ஒன்றரை அடி உயர வளர்ப்புப் பை. அதற்குக் கீழே கான்கிரீட் தளம், அதற்கும் கீழே வாடகைக்குக் குடியிருப்பவரின் சமையலறை. அங்கிருந்து எந்தப் புழு ஏறிவரும்? அந்தப் பைக்குத் தேவை கைநிறைய எச்சம், அதைத் தயாரிக்க ஒரு டப்பு, டப்புக்குள் வேலை செய்ய மேற்பரப்புப் புழு. வீட்டில் மிஞ்சும் காய்கறித் தோலும் அதிலேயே தீர்ந்துபோகும். இவ்வளவுதான் விஷயம்.

இத்தனைக்குப் பிறகும் வெளிநாட்டுப் புழு என்றால் நெஞ்சு கேட்காதவர்களுக்குப் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் இருக்கிறது. ஆசியப் புழு, இந்தியாவில் இயல்பாக வாழ்வது, மேற்பரப்பு வகைதான். சென்னை புதுக்கல்லூரியில் பேராசிரியராக இருந்த சுல்தான் அகமது இஸ்மாயில் இதையும் லாம்பிட்டோவையும் வைத்தே மண்புழு உரமும் புழுநீரும் தயாரித்துக் காட்டி, ஊர் ஊராகச் சொல்லியும் கொடுத்தார். மழைக்காலத்தில் பழைய சாணக்குவியலின் ஓரத்தைப் புரட்டினால் கிடைக்க வாய்ப்புண்டு. அதே டப்பு, அதே ஆறிய சாணம், அதே ஈரச்சாக்கு. ஆனால் சுதேசி என்பதால் சொன்னபடி கேட்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மழை இருட்டிக்கொண்டு வரும் ராத்திரியில் கூட்டமாகச் சுவரேறி வெளியே போய்விடும் பழக்கம் அதற்கு உண்டு. டப்பின் வாயில் கொசுவலையை இழுத்துக் கட்டிவைப்பது நல்லது.