சர்வரில் கை வைக்காதீங்க சாமி!

பொட்டி தட்டுற ஆளுங்க எல்லாரும் ஆபீஸ் கோடை கிட்டில்தான் வைத்திருக்கிறோம். அதே ஆசாமி சொந்தமா ஒரு டொமைன் வாங்கி தளம் போட்டான்னு வைங்க, ஃபைல்ஸில்லாவைத் திறந்து இந்தப் பக்கத்துக் கோப்பை அந்தப் பக்கம் இழுத்துப் போட ஆரம்பிச்சிடுவான். கேட்டா "சின்ன சைட்டுதானே மாப்ள" என்பான்.

எனக்கென்னவோ சின்ன தளத்துக்குத்தான் இது ரொம்ப அவசியம்னு தோணுது. பெரிய கம்பெனியில் ஒண்ணு புட்டுக்கிச்சுன்னா பார்க்க பத்து பேர் இருப்பாங்க. நம்ம தளத்துக்கு நாம மட்டும்தான். அதுவும் ராத்திரி சாப்பிட்ட பிறகு, தூக்கக் கலக்கத்தோட.

கிட்னாலே 'பழசைத் திரும்ப எடுக்கலாம்' என்பதைத்தான் எல்லாரும் சொல்றாங்க. வாஸ்தவம். ஆனா அதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. இந்த நிமிஷம் உங்க சர்வரில் என்ன இருக்குன்னு கேட்டா பதில் சொல்ல முடியுமா? எஃப்டிபி ஆசாமிகளால முடியாது. மடிக்கணினியில் ஒரு பிரதி, சர்வரில் ஒரு பிரதி, அவசரத்துக்கு சி-பேனலில் நேரா போய்த் திருத்தின ரெண்டு வரி. எது நிஜம்?

போன வருஷம் தெரிந்தவர் ஒருத்தர் அவரோட கடைத் தளத்தைப் பார்க்கச் சொன்னார். நேரா முகவரியைத் தட்டினா கடை வருது. கூகுளில் தேடி அதே இணைப்பைச் சொடுக்கினா மாத்திரை விக்கிற ஏதோ ஒரு தளத்துக்குப் போகுது. கடைக்காரர் எப்பவும் முகவரியைத் தட்டித்தான் பார்ப்பார், அதனால மாசக்கணக்கில் அவருக்குத் தெரியவே இல்லை. உள்ளே போய்ப் பார்த்தா இண்டெக்ஸ், இண்டெக்ஸ் ஓல்ட், இண்டெக்ஸ் நியூ, இண்டெக்ஸ் நியூ 2, இண்டெக்ஸ் ஃபைனல்... செஞ்சு கொடுத்தவர் வேற வேலைக்குப் போயாச்சு. ஒப்பிட்டுப் பார்க்க சுத்தமான பிரதி எங்கேயும் இல்லை. ஒவ்வொரு பிஎச்பி கோப்பா திறந்து பார்த்து, ரெண்டு ராத்திரி போச்சு. கடைசியில் ஒரு கோப்போட முதல் வரியிலேயே, திரைக்கு வெளியே நீளுற மாதிரி ஒரு கிறுக்கல் வரி. அவ்வளவுதான் சமாச்சாரம். கிட் இருந்திருந்தா 'கிட் ஸ்டேட்டஸ்'னு ஒரு கட்டளை, எந்தக் கோப்பு மாறியிருக்குன்னு சொல்லியிருக்கும். டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிருக்கும் :-)

கிட்டையே உடைச்சு உள்ளே வந்தாலும் தடயம் நிக்கும். 2021 மார்ச் 28 அன்னிக்கு பிஎச்பி மொழியோட சொந்த கிட் சர்வரிலேயே யாரோ ரெண்டு கள்ள கமிட் போட்டாங்க. ராஸ்மஸ் லெர்டார்ஃப், நிகிதா பொப்போவ் பெயரில், 'எழுத்துப்பிழை திருத்தம்'னு குறிப்பு வேற! என்ன மாறியிருக்குன்னு வரி வரியா எல்லாரும் பார்க்க முடிஞ்சதால சில மணி நேரத்திலேயே பிடிபட்டுடுச்சு.

கையால கோப்பு போடுறது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நைட் கேபிடல் கதை இருக்கு. அமெரிக்கப் பங்குச்சந்தை நிறுவனம். புது நிரலை 8 சர்வரில் போடணும், 7-இல் போட்டாங்க. விட்டுப்போன ஒண்ணில், பயன்பாட்டில் இல்லாத பழைய நிரல் 2012 ஆகஸ்ட் 1 காலையில் முழிச்சிக்கிட்டு தானா ஆர்டர் போட ஆரம்பிச்சது. சுமார் 45 நிமிஷத்தில் 44 கோடி டாலருக்கு மேல நஷ்டம். அவங்க செஞ்சதும் நாம ஃபைல்ஸில்லாவில் செய்றதும் சாராம்சத்தில் ஒண்ணுதான். தொகைதான் வேற.

செய்றது ஒண்ணும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. சர்வரில், தளத்தோட கோப்புறைக்கு வெளியே ஒரு வெற்று ரெப்போ வைங்க. அதில் 'போஸ்ட் ரிசீவ்'னு ஒரு ஹூக். வீட்டிலிருந்து புஷ் பண்ணின உடனே அந்த ஹூக் ஓடி, புதுசைத் தளத்துக் கோப்புறையில் எடுத்து வைக்கும். மொத்தமே ரெண்டு மூணு வரி. எஸ்எஸ்எச் வசதி தராத மலிவு ஹோஸ்டிங்கா? பல இடங்களில் சி-பேனலுக்குள்ளேயே கிட் வந்தாச்சு, பாருங்க.

வேர்ட்பிரஸ் வைத்திருக்கும் பதிவர்கள் மட்டும் கொஞ்சம் நில்லுங்க. 2013-இல் வந்த 3.7 பதிப்பிலிருந்து அது சின்ன அப்டேட்களைத் தானே போட்டுக்கும். முழுசையும் கிட்டில் வச்சா அதுவும் நீங்களும் இழுபறி பண்ணிட்டே இருப்பீங்க. நீங்க கை வைக்கிற வார்ப்புருவை மட்டும் வைங்க, போதும்.

இன்னொண்ணு. சில புண்ணியவான்கள் ரெப்போவை அப்படியே தளத்துக் கோப்புறையிலேயே குளோன் பண்ணி விட்டுடறாங்க. புள்ளி-கிட் கோப்புறை ஊருக்கே திறந்து கிடக்கும். தெரிந்தவன் அதிலிருந்து மொத்த வரலாற்றையும் உருவிடுவான். டேட்டாபேஸ் கடவுச்சொல்லை எப்பவோ கமிட் பண்ணி அப்புறம் அழிச்சிருந்தாலும் அது அந்த வரலாற்றில் பத்திரமா உட்கார்ந்திருக்கும். கடவுச்சொல்லையே மாத்தணும், வேற வழியில்லை.

அப்புறம் படங்களும் டேட்டாபேஸும். இது ரெண்டும் கிட் வேலை இல்லை. கிட்டை வச்சே தொழில் நடத்துற கிட்லேபில் 2017 ஜனவரி 31 அன்னிக்கு ஒருத்தர் அசல் டேட்டாபேஸைத் தவறுதலா அழிச்சிட்டார். சுமார் 6 மணி நேரத் தகவல் அம்பேல். ரெப்போக்களுக்கு ஒண்ணும் ஆகலை, டேட்டாபேஸில் இருந்த பயனர்களோட கருத்துகளும் வழுக்குறிப்புகளும்தான் போச்சு. அதனால டேட்டாபேஸுக்குத் தனியா, தினம் ராத்திரி ஒரு டம்ப் எடுத்து வேற ஒரு இடத்துக்கு அனுப்புற மாதிரி கிரானில் ஒரு வரி போட்டு வைங்க. மாசம் ஒரு தடவை அதைத் திறந்தும் பாருங்க. கிட்லேபிலும் பேக்கப் ஓடிட்டிருக்குன்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தாங்க.