தகரப் பெட்டியும் மூங்கில் வில்லும்

சக்கரம் வச்ச வீட்டில் ஊர் சுத்தறது இப்ப நகரத்தில் பெரிய மோகமா இருக்கு. வேனுக்குள் கட்டில், அடுப்பு எல்லாம் வச்சு வீடியோ போடறாங்க. பார்க்க நல்லாத்தான் இருக்கு. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் ஆடு வளர்க்கிற நாங்களும் அந்த மாதிரி ஒண்ணில்தான் ராத்திரி படுக்கிறோம். ஊர் சுத்த இல்லைங்க, பட்டிக் காவலுக்கு.

ராத்திரியில் ஆடுகளைக் காட்டிலேயே படல் கட்டி அடைப்போம். அதுதான் பட்டி. புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு எரு. சில நாளுக்கு ஒருதரம் படலை நகர்த்தினால்தான் காடு முழுக்க எரு விழும். பட்டி நகர்ந்தால் காவல்காரர் படுக்கிற குடிசையும் கூடவே நகரணும்.

இப்ப வெல்டிங் பட்டறைகளில் இதுக்கு இரும்பு ஆங்கிள் அடிச்சு, நாலு பக்கமும் தகரம் போர்த்தி, சதுரப் பெட்டியாச் செஞ்சு தர்றாங்க. உறுதியானதுன்னு நினைச்சு வாங்குறாங்க. எனக்கு அது பிடிக்கலை. அரை மில்லி தகரம் சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 4 கிலோ. ஆறடிக்கு நாலடி பெட்டிக்குத் தகரம் மட்டுமே 40 கிலோ பக்கம் வந்துடும். அப்புறம் ஆங்கிள், அச்சு, கட்டில். உழுத காட்டில் ஒருத்தர் தள்ளி நகர்த்த முடியுமா? டிராக்டர் வரணும். டிராக்டர் வர்ற வரைக்கும் பட்டி அங்கேயே கிடக்கும், இல்லைன்னா பட்டி மட்டும் நகர்ந்து காவல் தூரத்தில் நிற்கும்.

அதைவிட மோசம் மழை. தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் ஆடு கத்துறது காதில் விழாது. நாய்க்கு அது போதும். திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் தெருநாய்கள் ஆடுகளைக் கடிச்சுக் கொன்னதும், விவசாயிகள் செத்த ஆடுகளோட மறியல் பண்ணினதும் நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீங்க. பட்டிக்குள் நாய் பூந்தால் பசிக்குத் தின்னுட்டுப் போகாது. மிரண்டு ஓடுற ஒவ்வொண்ணையும் கடிச்சுப் போடும். வருஷக் கணக்கா வளர்த்தது ஒரே ராத்திரியில் போயிடும்.

அதனால்தான் நான் மூங்கில் வில்லுக் கட்சி. கூண்டு வண்டி பார்த்திருக்கீங்களா? அதே கூரைதான். அடியில் லேசான சட்டம், பழைய சைக்கிள் சக்கரம் ரெண்டு. பச்சைக் கல்மூங்கிலைப் பிளந்து, ரெண்டு மூணு வாரம் தண்ணியில் ஊறப் போடணும். மாவுச்சத்து கரைஞ்சு போனால் வண்டு அவ்வளவா துளைக்காது. நாலடி அகலத்துக்குப் பத்தடி பிளாச்சு. தோல் பக்கம் வெளியே இருக்கிற மாதிரி வளைச்சு, ரெண்டு நுனியையும் சட்டத்தில் பத்த வச்ச குழாய்த் துண்டுகளில் சொருகணும். நடுவில் மூணே முக்கால் அடி உயரம் கிடைக்கும், உட்கார்ந்தால் தலை முட்டாது. ஒண்ணேகால் அடிக்கு ஒரு வில்லு. நீளவாக்கில் பிளாச்சு ஏழு வச்சு, சந்திக்கிற இடமெல்லாம் கயிற்றால் இறுக்கிக் கட்டணும். ஆணி அடிச்சால் மூங்கில் பிளந்துடும்.

வளைச்ச மூங்கில் நிமிரத்தான் பார்க்கும். அந்த விறைப்பே மேலே போடுற பாயை இழுத்துப் பிடிச்சுக்கும். ஆடிக் காத்தில் தொளதொளன்னு அடிக்காது. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து எப்படின்னு இந்தப் பக்கம் ஆடியில் வந்து பார்த்தால் தெரியும். சதுரப் பெட்டியில் அது முட்டும், வளைஞ்ச கூரை மேல் வழுக்கிட்டுப் போயிடும். மழைத் தண்ணியும் தேங்காது.

முதலில் பனையோலைப் பாய், அதுக்கு மேலே தார்ப்பாய். வெறும் தார்ப்பாய் போட்டால் பகலில் உள்ளே வெந்துடும், மூங்கில் உரசி ஓட்டையும் விழும். 200 கிராம் தார்ப்பாய்னா சதுர மீட்டருக்கு அந்த 200 கிராம்தான் கனம். வெயிலில் அது நொந்து போகும், மாத்தத்தான் வேணும். தகரம் அப்படியில்லைன்னு பட்டறைக்காரர் சொல்வார். சரிதான், ஆனா அவர் பட்டியில் படுக்கிறதில்லையே.

முன்னும் பின்னும் அடைக்கவே கூடாது. சாக்குப் படுதா மட்டும் தொங்கட்டும். படுத்தபடியே ஒரு பக்கம் பட்டி தெரியணும், மறு பக்கம் வழி தெரியணும்.