சின்ன மீனுக்குச் சின்னத் தொட்டி போதுமா?

கன்னிவாடி மாதிரி மலையடிவார ஊரில் ஒருவர் குள்ளச் சிங்கமீன் வளர்க்க ஆசைப்பட்டால், இரண்டு விதமான பேச்சு காதில் விழும். ஒன்று, ‘கடல் மீன் இங்கே பிழைக்காது’. இன்னொன்று, ‘கையளவு மீன்தானே, சின்னத் தொட்டியே போதும், நாலு கப்பி போட்டால் தின்றுகொள்ளும்’. இரண்டுமே தவறு. இரண்டாவது பேச்சு மீனையே கொன்றுவிடும்.

கடல் தூரமாக இருப்பது தடையே இல்லை. ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கடல்நீர் உப்புக் கலவையைக் கரைத்தால் போதும். சமையல் உப்பு உதவாது. கால்சியமும் மெக்னீசியமும் அதில் போதாது. உண்மையான தொல்லை சூடுதான். தொட்டி நீர் 24 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அடிவாரத்துக் கோடையில் விசிறியோ சில்லரோ இல்லாமல் அது நடக்காது. மேலே கொடைக்கானலில் நிலைமை தலைகீழ்: ஹீட்டர் வேண்டும். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் நீரில் கரையும் ஆக்சிஜனும் குறையும். நீர்ப்பரப்பை நன்றாகக் கலக்கிவிட வேண்டும்.

அடுத்தது தொட்டியின் அளவு. இந்த மீன் 17 சென்டிமீட்டர் வரை வளரும். ஊன் தின்னும் மீனின் கழிவில் அம்மோனியா அதிகம். கடல்நீரின் காரத்தன்மை அந்த அம்மோனியாவின் நச்சைக் கூட்டுகிறது. நீர் குறைந்தால் நஞ்சு சீக்கிரம் ஏறும். நூறு லிட்டருக்குக் கீழே யோசிக்கவே கூடாது. கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா நிலைபெறச் சில வாரங்கள் ஆகும். அதுவரை மீனை விடாமல் பொறுத்திருக்க வேண்டும்.

உயிர்மீன் தீனிதான் பெரிய பிழை. கப்பியைப் போலவே இரையாகப் போடப்படும் தங்கமீனில் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1-ஐ அழிக்கும். நன்னீர் மீனின் கொழுப்பு, கடல் மீனுக்குத் தேவையான கொழுப்பு அல்ல. நன்னீர் மீனையே தின்று வளரும் மீன் வெளியே கொழுகொழுவென்று தெரிந்தாலும் உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். புதிதாக வந்த மீன் செத்த இரையைப் பெரும்பாலும் தொடாது என்பது மட்டும் உண்மை. அதற்கும் வழி இருக்கிறது. பொழுது சாயும் வேளையில், உறைநிலை நீங்கிய இறால் துண்டை நீளமான குச்சி நுனியில் செருகி, மீனின் முகத்துக்கு நேரே மெல்ல ஆட்ட வேண்டும். அது விசிறிபோல் துடுப்பை விரித்து, தரையோடு தரையாக நகர்ந்து வந்து, சட்டென்று வாய்திறந்து உறிஞ்சிக்கொள்ளும். முள்ளில் நஞ்சு உண்டு. குச்சி நீளமாக இருப்பது அதற்காகத்தான். பழகிவிட்டால் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை கொடுத்தால் போதும்.

‘ராமேஸ்வரம் போனால் பவளக்கல் எடுத்துவந்து போடலாம்’ என்ற யோசனையும் கூடவே வரும். பவளப்பாறைகளைக் கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, எடுப்பது குற்றம். பாக்டீரியா குடியேற, துளையுள்ள பீங்கான் கற்களே போதும்.

சந்தைக்கு வரும் குள்ளச் சிங்கமீன் பெரும்பாலும் கடலில் பிடித்ததுதான். கோமாளி மீனையோ தொட்டியிலேயே பொரிக்க வைக்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள். முதல் தொட்டி வைப்பவர் அதிலிருந்து தொடங்குவதே நல்லது.