புலிக்குக் கணக்குண்டு, மனிதருக்கு?

இந்தியாவின் மத்தியப் பிரதேச மாநிலத்திலே, மைக்கால் மலைத்தொடரை அண்டி, கான்ஹா என்றொரு காடு இருக்கிறது. மண்ட்லா, பாலாகாட் என்னும் இரு மாவட்டங்களில் அது பரந்து கிடக்கிறது. புலியைக் காண்பதற்கென்றே உலகின் பல திசைகளிலிருந்தும் உல்லாசப் பிரயாணிகள் அங்கு வருகின்றனர். சில ஆண்டுகளுக்கு முன்னர், அப்பகுதிப் பழங்குடி மக்களிடையே பணிபுரியும் நண்பர்களைச் சந்திக்கச் சென்ற வேளையில், நாமும் ஒரு நாட்காலை அந்தக் காட்டுக்குள் போய்வந்தோம். அங்கே கண்ட ஒரு புல்வெளி இன்றுவரை எமது மனதை விட்டு அகலவில்லை. காணியையும் கிணற்றையும் விட்டுவந்தவர்களாகிய உங்களோடு அதைப் பற்றிப் பேசவேண்டும் என்று தோன்றியது.

பங்குனி மாதம். விடியுமுன்னரே வாயிலில் ஜீப் வண்டிகள் வரிசையாக நின்றன. வண்டிக்கு ஓர் அனுமதிச் சீட்டு, ஒரு சாரதி, வனத்துறையிடம் பதிவுபெற்ற ஒரு வழிகாட்டி. பெயரையும் அடையாள அட்டையையும் சரிபார்த்த பின்னரே தடை திறக்கப்பட்டது. சோதனைச் சாவடிகளில் வரிசையில் நின்று பழகிய எமக்கு அதில் புதுமை ஒன்றுமில்லை. உள்ளே சால் மரங்கள் தூண்கள்போல் நிமிர்ந்து நின்றன. மூங்கிற் புதர்களின் ஓரமாகப் புள்ளிமான்கள் மேய்ந்தன. திடீரென ஒரு மந்தி மரத்தின் உச்சியிலிருந்து குரல் கொடுத்தது. வழிகாட்டி கையை உயர்த்தினார். வண்டி நின்றது. சற்று நேரத்தில் ஒரு பெண் புலி பாதையைக் கடந்து, எங்களை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, மூங்கிலுக்குள் மறைந்தது. மூன்று நிமிடங்கூட இராது. அழகுதான், மறுப்பதற்கில்லை. வண்டியிலிருந்த எவரும் சிறிது நேரம் வாய் திறக்கவில்லை.

அதன் பின்னர் காடு விலகி ஒரு பெரிய புல்வெளி வந்தது. சோன்ஃப் என்று அதற்குப் பெயர். பனிக்குள்ளே பாரசிங்கா என்னும் பெருங்கொம்பு மான்கள் கூட்டமாக நின்றன. எல்லோரும் மானைப் படம் பிடிக்க, எமது கண் நிலத்துக்குப் போயிற்று. நிலம் மட்டமாக இருந்தது. புல்லின் அடியிலே நீளமாக ஒரு மேடு ஓடியது. வயல் வரம்பு எத்தனை மழைக்குப் பிறகும் மண்ணில் கிடக்கும் என்பதைக் கமக்காரருக்கு எவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. வழிகாட்டியிடம் கேட்டோம். ஆம், சோன்ஃப் ஒரு கிராமத்தின் பெயர்தான் என்றார். சனங்களை எழுப்பிய பின்னர் வயல்கள் புல்வெளியாயின. புல் வந்ததால் மான் வந்தது. மான் இருப்பதால் புலி இருக்கிறது. புலி இருப்பதால் நாம் வந்திருக்கிறோம்.

இந்த வரலாற்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வேட்டையினாலும் காடழிப்பினாலும் இந்தியாவின் புலிகள் அருகிப்போயின. 1972இல் எடுத்த கணக்கு 1,827 என்று சொல்லிற்று. அவ்வாண்டில் வனசீவராசிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973 ஏப்பிரலில் ‘புலித் திட்டம்’ ஒன்பது காடுகளில் தொடங்கப்பட்டது. கான்ஹா அவற்றுள் ஒன்று. பாரசிங்கா மானின் நிலையும் அப்படித்தான். 1970இல் கான்ஹாவில் எஞ்சியிருந்தவை 66 மாத்திரமே. கடினமான தரையில் வாழும் அந்த இனத்துக்கு உலகில் வேறு புகலிடம் இருக்கவில்லை. இன்று அவை பல நூறாகப் பெருகியிருக்கின்றன. காடு காக்கப்பட்டதால் ஆறுகளின் ஊற்றுக்கண்களும் காக்கப்பட்டன. இவையெல்லாம் நன்மைகளே. காடு அழிந்தால் குளத்துக்கு நீர் வராது என்பதை அறிந்தவர்கள் நீங்கள். ஆகவே புலி வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை.

ஆனால் அந்த நன்மைக்கு விலை கொடுத்தவர் யார்? கான்ஹாவின் உட்காட்டிலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட கிராமங்கள் வெளியே பெயர்க்கப்பட்டன. அவர்களிற் பெரும்பாலானோர் கோண்டு, பைகா என்னும் பழங்குடியினர். பைகா மக்கள் முற்காலத்தில் ஏர் பிடித்ததில்லை. பூமி தாய், தாயின் மார்பைக் கலப்பையால் கீறலாகாது என்பது அவர்களின் பரம்பரை நம்பிக்கை. நாம் சேனை என்று சொல்லும் பயிர்ச்செய்கையையே ‘பேவர்’ என்ற பெயரில் செய்துவந்தார்கள். வரகும் சாமையும் அவர்களுடைய தானியங்கள். ஆங்கிலேய அரசு சேனைக்குத் தடைபோட்டு, 1890இல் ‘பைகா சக்’ என்று ஒரு சிறு பகுதியை மாத்திரம் அவர்களுக்கு ஒதுக்கிற்று. வேட்டையாடிப் புலித்தோலை மாட்டிவைத்தவர்கள் மன்னர்களும் வெள்ளைக்காரத் துரைமாரும். மரத்தை வெட்டி இரயில் பாதைக்குப் போட்டவர்களும் அந்தத் துரைமாரே. காட்டைக் காக்கும் காலம் வந்தபோது எழுந்து போகும்படி சொல்லப்பட்டவர்கள், சாமை விதைத்தவர்கள்.

அன்று மாலை, வெளியே குடியமர்த்தப்பட்ட ஒரு கிராமத்துக்கு நண்பர்கள் எம்மை அழைத்துச் சென்றார்கள். இலுப்பைப் பூ விழும் காலம் அது. வாசல்தோறும் பாய்களில் பூ காய்ந்துகொண்டிருந்தது. வயது முதிர்ந்த ஒருவர் எம்மைக் கட்டிலில் இருத்தினார். எமது நாட்டைப் பற்றி விசாரித்தார். அங்கும் பெருந்தொகையானோர் ஊரைவிட்டு எழும்பி முகாம்களில் வாழ்ந்தார்கள், சிலர் இன்னும் திரும்பவில்லை என்று சொன்னோம். உங்கள் காட்டில் புலி உண்டா என்று கேட்டார். காட்டில் புலி கிடையாது, சிறுத்தைதான் உண்டு என்றோம். சிறிது நேரம் யோசித்தார். “அப்படியானால் உங்கள் சனங்களை எதற்காக எழுப்பினார்கள்?” என்று கேட்டார். அவர் பகிடியாகக் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே காரணம் அது. பதில் சொல்ல எமக்கு நாவெழவில்லை.

இனி, கணக்கைப் பற்றிய எமது கருத்துக்கு வருவோம். இந்தியாவில் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை புலிகளை எண்ணுகிறார்கள். காட்டில் மரத்துக்கு மரம் தானாகப் படமெடுக்கும் கருவிகளைக் கட்டிவைக்கிறார்கள். எமது விரல் ரேகை போலப் புலியின் வரியும் ஒன்றுக்கொன்று வேறுபட்டது. அதைக்கொண்டு இது இன்ன புலி என்று இனங்காண்கிறார்கள். 2018ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிற்கு 26,838 இடங்களில் கருவிகள் வைக்கப்பட்டன. 2006இல் 1,411 என்றிருந்த தொகை 2022இல் 3,682 என மதிப்பிடப்பட்டது. பாராட்டத்தக்க உழைப்பு. ஆனால் புலிக்காகப் பெயர்க்கப்பட்ட குடும்பங்களை நான்கு ஆண்டுக்கொரு தடவை எண்ணும் வழக்கம் இல்லை. கொடுத்த காணியில் தண்ணீர் வந்ததா, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா, கிடைத்த பணம் எத்தனை மாதத்தில் முடிந்தது என்று வீட்டுக்கு வீடு போய்ப் பதியும் கருவியும் இல்லை. எண்ணப்படுவது காப்பாற்றப்படும். எண்ணப்படாதது மறக்கப்படும்.

கணக்குப் பொய்த்தால் என்ன நடக்கும் என்பதற்கும் அங்கேயே சான்று உண்டு. இராஜஸ்தான் மாநிலத்தின் சரிஸ்கா சரணாலயத்தில், 2005ஆம் ஆண்டளவில், ஒரு புலிகூட மிஞ்சவில்லை என்பது வெளிச்சத்துக்கு வந்தது. ஏட்டில் புலிகள் இருந்தன, காட்டில் இல்லை. கள்ள வேட்டைக்காரர் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அதன்பின் அரசு நியமித்த செயலணிக்கு, சூழலியலாளர் சுனிதா நாராயண் அம்மையார் தலைமை தாங்கினார். முப்பது ஆண்டுகளில் சரணாலயங்களிலிருந்து பெயர்க்கப்பட்டவை சுமார் 80 கிராமங்கள் என்று அச்செயலணி கூறிற்று. சுற்றியுள்ள மக்களைப் பகைவராக்கிவிட்டுக் காட்டைக் காக்கமுடியாது என்பது அதன் முடிவின் சாரம். வேலி எவ்வளவு உயர்ந்தாலும், வேலிக்கு அப்பால் இருப்பவன் கண்ணை மூடிக்கொண்டால் காவல் ஏது?

அதன் பின்னர் சில நல்ல மாற்றங்கள் வந்தன. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டில் வாழ்வோரின் உரிமையை முதலில் ஏற்று எழுதவேண்டும் என்றும், கிராம சபையின் சம்மதத்தை எழுத்திலே பெறவேண்டும் என்றும், புதிய இடத்தில் காணியும் வசதிகளும் ஆயத்தமாகும்வரை எவரையும் எழுப்பலாகாது என்றும் சொல்கிறது. ஒரு குடும்பத்துக்கு இந்திய ரூபாவில் 1 இலட்சமாக இருந்த உதவித்தொகை 2008இல் 10 இலட்சமாகவும், 2021இல் 15 இலட்சமாகவும் உயர்த்தப்பட்டது. ஆயினும் சட்டம் எழுதப்பட்ட இடத்துக்கும் சாமை விதைக்கும் இடத்துக்கும் இடையே தூரம் அதிகம். சட்டம் வந்த பின்னரும், விரும்பிப் போனார்களா போகவைக்கப்பட்டார்களா என்ற முறைப்பாடு பல சரணாலயங்களில் எழுந்தவண்ணமே இருக்கிறது.

வேறு வழியும் உண்டு என்பதற்குக் கர்நாடக மாநிலத்தின் பிலிகிரி ரங்கன் மலை சாட்சி. அங்கு வாழும் சோளகர் என்னும் பழங்குடியினர், தமது காடு 2011இல் புலிகள் சரணாலயமாக்கப்பட்டபோது வெளியேற மறுத்துச் சட்டத்தின் துணையை நாடினர். அதே ஆண்டில் 25 கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. தேனும் நெல்லியும் எடுக்கும் உரிமை அவர்களுடையதாயிற்று. புலிகள் ஓடிவிடவில்லை. அதன் பின்வந்த கணக்கெடுப்பில் அவற்றின் தொகை கூடியிருந்தது. புலியா மனிதரா என்று கேட்பவர்கள், கேள்வியைப் பிழையாகவே கேட்கிறார்கள். இழப்பை யார் தாங்குவது, இலாபத்தில் யாருக்குப் பங்கு, தீர்மானத்தை யார் எடுப்பது என்பனவே சரியான கேள்விகள்.

இதனை ஏன் உங்களுக்கு எழுதுகிறோம்? ஆளில்லாத நிலத்தைக் காடு மூடும் என்பது எமது நாட்டிலும் கண்ட உண்மை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் மன்னார் முசலிப் பகுதியினரும் இருந்தனர். அந்த வெளியேற்றம் தமிழரின் பெயராலே நடந்தது என்பதை நாம் மறக்கலாகாது. போர் முடிந்து அவர்கள் திரும்பத் தொடங்கியபோது கமங்களில் மரங்கள் வளர்ந்திருந்தன. 2012இல் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதி நிலம் ஒதுக்கக் காடு என வர்த்தமானியில் பிரசுரமாயிற்று. காட்டை அழிக்கிறார்கள் என்று ஒரு சாராரும், எங்கள் பூர்வீகக் காணி என்று அவர்களும் சொல்ல, பிணக்கு நீதிமன்றம்வரை சென்றது. இருபது ஆண்டு வளர்ந்த மரம் கண்ணுக்குத் தெரிகிறது. அதற்கு முன் அங்கே உழுதவனின் வரம்பு, தேடிப் பார்ப்பவனுக்கே தெரிகிறது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். எவரும் உங்களை எண்ணுவார்கள் என்று காத்திராமல், உங்கள் கணக்கை நீங்களே எழுதுங்கள். ஒரு கொப்பி போதும். காணி உறுதியின் அல்லது பெர்மிட்டின் இலக்கம், நான்கு எல்லைகள், எந்தக் குளத்துப் பாய்ச்சல், கிணறு எத்தனை முழம், எந்த ஆண்டில் வெட்டியது, எத்தனை தென்னை, எத்தனை பனை, எந்த மூலையில் மாமரம் என எழுதுங்கள். வரைபடம் கீறத் தெரிந்த பிள்ளையைக் கொண்டு கீறுவியுங்கள். வயதானவர்கள் கண்மூடுமுன் அவர்களிடம் கேட்டு, அயல் காணிக்காரரின் கையொப்பத்தையும் வாங்குங்கள். ஒரு பிரதியை வீட்டிலும், ஒன்றை ஊர்ச் சங்கத்திலும், ஒன்றை நம்பிக்கையான ஆசிரியரிடமோ மதகுருவிடமோ வையுங்கள். வர்த்தமானியில் உங்கள் ஊர்ப் பெயர் வந்தால் தனியே ஓடாமல் சங்கமாகச் சென்று பிரதேச செயலாளரிடம் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்து, கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டும் பெறுங்கள். காட்டுக்கென்று உண்மையிலேயே நிலம் வேண்டியிருந்தால், காணிக்குக் காணி, முதலில் காணி பின்னர் பெயர்வு என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கான்ஹாவில் நாம் கண்ட அந்தப் பெண் புலியின் வரிகள் ஏதோ ஒரு பதிவேட்டில் இருக்கின்றன. அது நெடுநாள் வாழட்டும். இலுப்பைப் பூ காயவைத்துக்கொண்டிருந்த அந்த முதியவரின் வயல் எந்த மூலையில் இருந்தது என்பது, அவர் இறந்தபின், எந்த ஏட்டில் இருக்கும்? உங்கள் வயல் எந்த ஏட்டில் இருக்கிறது? இன்று மாலையே கொப்பியைத் திறப்போம்.