முதுமையென்று வாளா இருக்கலாமோ?

"வயதாகிவிட்டது, இனி அப்படித்தான் இருக்கும்" என்னும் மொழி நம் இல்லங்களில் நாடோறும் கேட்கப்படுவதொன்றாம். முதியோர் உணவை வெறுத்தாலும், சொல் தடுமாறினாலும், பகலெல்லாம் உறங்கிக் கிடந்தாலும், அதற்குக் காரணந் தேடுவார் மிகச் சிலரே. இவ்வழக்கம் அன்பின்மையால் விளைந்ததன்று, அறியாமையால் விளைந்தது. ஆயினும் அதனால் நேருங் கேடு பெரிதாதலின், அதுபற்றிச் சில கூற ஈண்டு முற்படுகின்றோம்.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் யாம் இல்லஞ் சென்றிருந்தபோது, மாலை ஜெபத்தில் பேரப்பிள்ளைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லும் வழக்கமுடைய எம் பாட்டியார், எமது பெயரை மறந்து நின்றார். அவர்க்கு வயது 81. மறுநாள் கஞ்சியையும் ஒதுக்கினார். வெப்பமானி வைத்துப் பார்த்தோம். 99 டிகிரி காட்டியது. காய்ச்சலில்லையென்று மனந்தேறி, முதுமைத் தளர்ச்சியேயென முடிவுசெய்து இரண்டு நாள் கழித்தோம். மூன்றாம் நாள் அவர்தம் மூச்சு விரைந்தது. நுரையீரலிற் கிருமித்தொற்று முற்றிக் குருதியழுத்தமும் தாழ்ந்துவிட்டதென்றார் மருத்துவர்.

நிற்க. உடலிற் புகுந்த கிருமியை எதிர்த்துப் பொருதுவது உடலே. அவ்வெதிர்ப்பு நெறிபிறழ்ந்து தன் உறுப்புக்களையே சிதைக்குங்கால், அந்நிலையைச் செப்சிஸ் என்பர் மருத்துவ நூலார். 2017ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 4.9 கோடிப் பேர் இதற்கு ஆளாயினரென்றும், இதனோடு தொடர்புற்ற சாவுகள் 1.1 கோடியென்றும் மதிப்பிடப்பட்டுளது. முதுமையில் இவ்விடர் மிகுதற்குக் காரணம் பல. மார்பெலும்பின் பின்னுள்ள தைமஸ் சுரப்பி இளமைதொட்டே சுருங்கிக் கொழுப்பாக மாறுதலின், முன்னறியாத கிருமிகளை எதிர்க்கவல்ல புதிய டி-அணுக்கள் தோன்றுதல் அருகுகின்றது. மற்றொருபுறம், தொற்றில்லாத காலத்தும் மெல்லிய அழற்சியொன்று உடலிற் கனன்றுகொண்டே உளது. இதற்குப் பெயரிட்டு 2000ஆம் ஆண்டில் விளக்கியவர் இத்தாலிய அறிஞர் கிளாடியோ பிரான்செஸ்கி. ஆகவே முதியவருடல் எதிர்க்கவேண்டிய பொழுதில் தாழ்த்து எதிர்க்கின்றது. அடங்கவேண்டிய பொழுதில் அடங்குவதில்லை. இதயமும் சிறுநீரகமும் இளமைக்குரிய சேமவலிமையை இழந்திருத்தலின், அவ்வதிர்ச்சியைத் தாங்கவும் மாட்டா.

இவற்றினுங் கொடியது யாதெனின், நோயை அறிவிக்கவேண்டிய காய்ச்சலே வாராதொழிதல். தொற்றுற்ற முதியோருள் நூற்றுக்கு 20 முதல் 30 பேர்க்குக் காய்ச்சல் தோன்றுவதில்லை, அன்றி மிகக் குறைவாகவே தோன்றும். அவர்தம் இயல்பு வெப்பம் பெரும்பாலும் தாழ்ந்திருத்தலால், அதனினும் 2 டிகிரி பாரன்ஹீட் ஏறினாலே காய்ச்சலெனக் கொள்ளல் வேண்டும். எம் பாட்டியாரின் இயல்பு வெப்பம் எவ்வளவென்று எம்முள் ஒருவரும் அறிந்திலேம்! திடீரென எழும் மனக்குழப்பமும், தடுமாறி விழுதலும், உணவு மறுத்தலுமே பல முதியோர்க்கு நோயின் முதற்குறிகளாம்.

"முதியோரை ஊசியாலும் குழாயாலும் வருத்துவானேன்? அமைதியாகப் போகவிடலாகாதோ?" என்பாருமுளர். புகழ்பெற்ற மருத்துவர் வில்லியம் ஆஸ்லரும் தம் நூலின் 1898ஆம் ஆண்டுப் பதிப்பில், நுரையீரலழற்சியை முதியோர்க்கு நட்பாகக் கருதலாமென்னும் பொருள்படக் குறித்துளார். தீராநோயால் நைந்து விடைபெற விரும்புவார்க்கு அது பொருந்தலாம். அஃது அவரே அறிந்து கொள்ளும் முடிவு. முந்தாநாள்வரை பூச்செடிக்கு நீர்வார்த்தவரை நம் அறியாமையாற் கைவிட்டுவிட்டு, அதனை அமைதியென்பது தகாது.

எம் பாட்டியார் பிழைத்தார். ஆயினும் ஊன்றுகோலின்றி நடக்க இயலாதவரானார். அந்த இரண்டு நாளை யாம் வீணாக்காதிருந்தால் என்னும் எண்ணம் எம்மை விட்டகலவில்லை.

மாணவ நண்பர்காள்! இவ்விடுமுறையில் இல்லஞ் செல்லுங்கால், நலமுள்ள நாளிலேயே முதியோரின் உடல்வெப்பத்தை அளந்து குறித்து வையுங்கள். நிமோனியாவுக்கும் இன்புளூயன்சாவுக்கும் உள்ள தடுப்பூசிகளைப்பற்றி மருத்துவரைக் கேளுங்கள். நேற்றிருந்தவாறு இன்றில்லையெனின் அன்றே அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். முதுமை ஒருநாளில் வருவதன்று. ஒருநாளில் வந்தது நோயேயாம்.